மேட்டுக் கதவு

அத்தியாயம் 14

ரஸ்ஸலின் நீல நிறக் கார் வெர்னா வீட்டு வாசலில் நின்றிருந்தது. வார நாளில், அதுவும் காலை வேளையில், அந்தக் காரை அங்கே இந்திஸார் பார்த்ததே இல்லை.

பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலருகே போனாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. ரஸ்ஸல் ஒரு பழைய பச்சைப் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பக்கம் வெர்னாவின் வீடு, இந்தப் பக்கம் இவர்களுடையது. இடையில் பனி கரைந்து, சேறும் பழுப்புப் புல்லுமாகக் கிடந்த வெற்று நிலம். பத்து நாளுக்கு முன்வரை அங்கே ரூபி என்ற சிவப்புக் குதிரை நின்று இரண்டு வீடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெர்னாவை அழைத்துப் போகத்தான் மகன் வந்திருக்கிறான். இந்திஸார் வாயைத் திறக்காததால்தான் வந்திருக்கிறான்.

லார்ச் புரூக்குக்கு அவர்கள் வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. போருக்குப் பயந்து தெரா பக்கத்து ஊரை விட்டு ஓடி, ஜோர்டானின் இர்பித் நகரில் ஒற்றை அறையில் நாலு பேராக முடங்கிக் கிடந்தவர்களை, நோவா ஸ்கோஷியாவின் இந்தச் சின்ன ஊர் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. ஊரைக் கூட்டியது வெர்னா. சர்ச் ஹாலில் விருந்து வைத்துப் பணம் திரட்டியதும், மாமியார் காலத்துப் பண்ணை வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்ததும், விமான நிலையத்தில் நாலு அளவில் கம்பளிக் கோட்டுகளோடு நின்றதும் அவள்தான். இந்திஸாரின் கணவன் ஃபவாஸுக்கு மர ஆலையில் வேலை. கொட்டகையில் ஆடுகள். பிள்ளைகள் ஜவாதும் லுஜைனும் மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வந்து, வீட்டுக்குள்ளேயும் இங்கிலீஷில் சண்டை போடுகிறார்கள்.

தங்கள் குடும்பம் வெர்னாவுக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன? இந்திஸார் தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் அந்த மேட்டுக் கதவில் போய் நின்றுவிடும்.

பத்து நாளுக்கு முன், பொழுது சாய்கிற நேரம். பழைய ஊரில் இந்திஸாரின் அம்மா கீழே விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தங்கையின் செய்தி பாதியில் வந்து நின்றது. காற்றில் வீட்டு இணையம் அறுந்திருந்தது. நெடுஞ்சாலையோரத்து மேட்டில் ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். இந்திஸார் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஓடினாள். மேலே இருந்த இரும்புக் கதவின் சங்கிலியைக் கழற்றி, தள்ளித் திறந்துகொண்டு மேட்டில் ஏறினாள். திரையில் அம்மாவின் முகம் வந்தது. கட்டுப் போட்ட தலை. ஆனால் சிரித்தாள், பேசினாள். இந்திஸார் அழுது தீர்த்து, அந்த நிம்மதியிலேயே சாலை வழியாக வீடு திரும்பினாள். கதவை அவள் மூடவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மரம் ஏற்றிவந்த லாரியின் முன்னால் ரூபி போய் நின்றது. ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை. குதிரையைத்தான் ஊசி போட்டு முடிக்கவேண்டி வந்தது.

ரூபி, வெர்னாவின் கணவர் ஆலன் இறப்பதற்கு முந்தைய வருடம் வாங்கிவந்த குதிரை. மறுநாள் காலை வெர்னா இவள் சமையலறைக்கு வந்தாள். முந்தின நாள் மதியம் தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனியை உடைக்க மேட்டுக் கதவு வழியாகத்தான் போனாளாம். திரும்பி வரும்போது மூடினாளா இல்லையா என்பது நினைவில் இல்லையாம். "நீ ஜன்னல்ல இருந்து எதாவது பார்த்தியா கண்ணு?" என்று கேட்டாள்.

இந்திஸார் சொன்னாள்: "பார்க்கல காலா."

பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல், முதல் நாளிலிருந்தே அவளைக் காலா என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பார்க்கவில்லை என்பது பொய்யும் இல்லை. வெர்னா கதவை மூடியதையோ மூடாததையோ அவள் பார்க்கவில்லைதான். அந்த வார்த்தையின் பின்னால் பத்து நாளாக ஒளிந்து கிடந்தாள்.

*

கொட்டகையில் ஃபவாஸ் ஒரு தாய் ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். குட்டி போடுகிற காலம் என்பதால் ஆலையில் விடுப்பு. முதல் குட்டி வைக்கோலில் ஈரமாகக் கிடந்து தலையை ஆட்டியது. இரண்டாவது வரவேண்டும்.

"ரஸ்ஸல் வந்துட்டான். பெட்டியை வண்டியில ஏத்திட்டான்" என்றாள் இந்திஸார்.

அவன் நிமிரவில்லை. நல்ல இடமாகத்தான் பார்த்திருப்பான், டவுனில் வயதானவர்களைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொள்கிறார்கள், வெர்னாவும் தனியாகக் கிடந்து கஷ்டப்பட வேண்டாம் என்று, ஆட்டைத் தடவிக்கொண்டே சொன்னான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

"அவங்க கஷ்டப்படல. நாமதான் கஷ்டப்படுத்துறோம்."

"உம் ஜவாத்." ஜவாதின் அம்மா என்று மகன் பெயர் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவான்; அவளும் அவனை அபூ ஜவாத் என்பாள். அதட்டும்போதும் அதே பெயர்தான், குரல் மட்டும் மாறும். "நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். முஹன்னத் பேரைக் கூட்டத்துல வைக்கப்போறாங்க. கையெழுத்துப் போடவேண்டியது யாரு?"

வெர்னா. ஊர் சார்பில் அழைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது அவள்தான் என்று இந்திஸாருக்கும் தெரியும்.

ஃபவாஸின் தம்பி முஹன்னத் இன்னும் இர்பித்தில்தான் இருக்கிறான், அதே தெருவில், மனைவி ஸல்மாவோடும் மூன்று குழந்தைகளோடும். சின்னவளுக்கு ஈரம் படிந்த சுவரால் மூச்சிரைப்பு. இந்த ஊர் இன்னொரு குடும்பத்தையும் கூப்பிடப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவன் நாள் தவறாமல் போன் செய்கிறான். என்ன கேட்பதென்று தெரியாமல், அங்கே பனி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பான்.

குதிரையைக் கொன்றவள் இவள்தான் என்று தெரிந்தால் அந்தக் கையெழுத்து விழுமா? ஊர் என்ன பேசும்? வந்தவர்களே இப்படி, இன்னொரு குடும்பம் எதற்கு என்று ஒருவராவது சொல்லமாட்டார்களா? இதைத்தான் ஃபவாஸ் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கூட்டம் முடியட்டும், கையெழுத்து விழட்டும், அப்புறம் நானே போய்க் காலில் விழுகிறேன் என்றான்.

"அதுக்குள்ள அவங்க போயிடுவாங்க."

"டவுனுக்குத்தானே போறாங்க. போய்ப் பார்த்துக்கலாம்."

இந்திஸார் அவன் முகத்தையே பார்த்தாள். கெட்டவன் இல்லை. பழைய வீட்டில் குண்டு விழுந்த நாளில் பக்கத்து வீட்டுக் கிழவரை முதுகில் சுமந்து வந்தவன். தம்பியை மட்டும் சுமக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பாரம்தான் அவனை இப்படிப் பேச வைக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனாலேயே இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

வெர்னாவின் சமையலறை எப்போதும் போல் சூடாக இருந்தது. ஆனால் ஏதோ மாறியிருந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் இந்திஸாருக்குத் தெரிந்தது. வெர்னா அடுப்பின் திருகுகளைக் கழற்றி மேஜை மேல் வரிசையாக வைத்திருந்தாள்.

"ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்க்கிறேன், அணைச்சேனானு" என்றாள் வெர்னா. "கழட்டி வச்சுட்டா கவலை இல்ல பாரு. டீ வேணும்னா ரஸ்ஸல் மாட்டிக் கொடுப்பான்."

எழுபத்தாறு வயதிலும் தனியாக வைக்கோல் கட்டு தூக்குகிறவள். மூன்று குளிர்காலங்களில் அவள் ஒரு முறைகூட அடுப்பை மறந்து இந்திஸார் பார்த்ததில்லை. இப்போது மேஜையோரத்தில் பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த சிறுமி போல் உட்கார்ந்திருந்தாள். வெளியூர் போகும்போது போடுகிற கோட்டு. தலை வாரியிருந்தது.

ரஸ்ஸல் இந்திஸாருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அன்பான மனிதன். ஹாலிஃபாக்ஸில் வேலை, இரண்டு மணி நேரத் தூரம். அம்மாவுக்குப் பார்த்திருக்கும் இடத்தைப் பற்றித் தணிந்த குரலில் விளக்கினான். தோட்டம் இருக்கிறதாம். முதலில் ஒரு மாதம் இருந்து பார்ப்பது, பிடித்தால் அப்படியே. குளிர்காலத்தில் ஒரு தடவை கெட்டில் கரிந்ததாம், தன் பிறந்தநாளுக்கு அம்மாவின் போன் வரவில்லையாம். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரூபி விஷயத்துக்குப் பிறகு அம்மாவே போன் செய்து, தன்னை நம்ப முடியவில்லை, வந்து கூட்டிப் போ என்றாளாம்.

அம்மாவேதான் கேட்டாளாம். இந்திஸாருக்கு அதுதான் தாங்கவில்லை.

வழியெல்லாம் இங்கிலீஷில் கோர்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் கலைந்துபோயின. எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமாக அவளுக்குப் படவில்லை.

"காலா, கதவு... நீங்க இல்ல. நான். அன்னிக்கு நான் மேட்டுக்குப் போனேன். போன் பேச. நான் திறந்தேன். மூடல. நான்தான்."

வெர்னா அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, உனக்குப் பொய் சொல்லவே வராது."

"பொய் இல்ல."

"மறுநாள் காலையில நான் உன்கிட்டதான் முதல்ல கேட்டேன். பார்க்கலைனு சொன்னே. நீ பண்ணியிருந்தா அப்பவே சொல்லியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?" வெர்னாவின் கண்கள் கலங்கின. "இப்ப நான் பொட்டி கட்டினதும், இந்தக் கிழவிக்காகப் பழியை ஏத்துக்கலாம்னு வந்திருக்கே. நல்ல பொண்ணு. ஆனா வேணாம்."

இந்திஸார் மறுத்தாள். அம்மா விழுந்தது, தங்கையின் செய்தி, மேடு என்று மூச்சு வாங்கச் சொன்னாள். வார்த்தைகள் முன்னும் பின்னும் வந்தன. அவசரத்தில் செவ்வாய்க்கிழமையைப் புதன் என்றாள், பிறகு திருத்தினாள். தன் காதுக்கே அது அப்போதுதான் இட்டுக்கட்டுவது போல் கேட்டது. வெர்னா தலையை ஆட்டிக்கொண்டே இவள் முதுகைத் தடவினாள்.

முதலில் சொன்னதை அவள் அவ்வளவு முழுசாக நம்பியிருந்தாள். அதனால் இப்போது உண்மைக்கு அங்கே இடம் இல்லை.

ரஸ்ஸல் வாசல்வரை கூட வந்தான். கதவைச் சாத்திவிட்டு, படியில் நின்று சொன்னான்: "நீங்க பயப்பட வேண்டாம். அம்மா போனாலும் உங்க வீட்டை நான் வித்துட மாட்டேன். அதுக்காக இப்படியெல்லாம் சொல்லணும்னு இல்ல."

இந்திஸாருக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஆனால் அவனைக் குறை சொல்ல முடியவில்லை. பத்து நாளாக அவள் வாயை மூடியிருந்ததும் குடும்பத்தின் லாபத்துக்காகத்தான். அவன் நினைத்தது வீடு, உண்மையில் அது முஹன்னத்துக்கான கையெழுத்து.

*

இரண்டாவது குட்டியும் பிறந்திருந்தது. ஃபவாஸ் அதன் மூக்கை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் கை நின்றது.

"நம்பல. என்னைக் கட்டிப்பிடிச்சு நல்ல பொண்ணுனு சொன்னாங்க." அவள் வைக்கோலில் அவன் எதிரே உட்கார்ந்தாள். "அபூ ஜவாத், நீங்க வந்து சொன்னாதான் நம்புவாங்க. நான் இனிமே கேட்க மாட்டேன். இப்ப ஒரு தடவை கேட்கிறேன்."

அவன் குட்டியைத் தாயின் முன்னால் கிடத்தினான். தாய் நக்க ஆரம்பிக்கும்வரை பார்த்திருந்தான். பிறகு வாளித் தண்ணீரில் முழங்கைவரை கழுவினான். தண்ணீர் பனிபோலச் சில்லென்று இருந்திருக்கும், அவன் முகம் சுளிக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தான்.

இந்திஸார் பின்னால் ஓடினாள். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டாள். அவன் சேற்றில் பூட்ஸ் புதைய நேரே நடந்தான்.

வெர்னா காரில் ஏறப்போகிற சமயம் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ரஸ்ஸல் முன்கதவைத் திறந்து பிடித்திருந்தான். ஃபவாஸ் தொப்பியைக் கழற்றினான். அவன் இங்கிலீஷ், மர ஆலையில் கற்றது. கட்டளையும் எண்ணிக்கையும்தான் அதில் அதிகம்.

"வெர்னா. என் பொண்டாட்டி பொய் சொல்லல."

ரஸ்ஸல் சலிப்போடு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபவாஸ் கோட்டின் உள்பையில் கைவிட்டு ஒரு கம்பளிக் கையுறையை எடுத்தான். சாம்பல் நிறம், மணிக்கட்டில் சிவப்புக் கோடு. வெர்னா கையால் பின்னி, முதல் கிறிஸ்துமஸுக்கு இந்திஸாருக்குக் கொடுத்த ஜோடியில் ஒன்று. எங்கோ தொலைத்துவிட்டதாக இந்திஸார் நினைத்திருந்தாள்.

"அன்னிக்கு. லாரிக்குப் பிறகு. நான் கதவை மூடப் போனேன்" என்றான். வார்த்தை வார்த்தையாக வந்தது. "இது கதவுத் தூண் மேல இருந்தது. போனைத் தொடக் கழட்டியிருக்கா. நான் எடுத்தேன். பாக்கெட்ல ஒளிச்சேன். ரூபியைப் புதைச்சப்ப இது என் பாக்கெட்ல. நீங்க என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னீங்க. அப்பவும் இது என் பாக்கெட்ல."

இந்திஸார் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனிடம் அவள் விஷயத்தைச் சொன்னது மூன்று நாள் கழித்துத்தான், நடுங்கிக்கொண்டு. அப்போது அவன் ஒன்றும் அறியாதவன்போல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அன்று உட்கார்ந்தவன் எல்லாம் தெரிந்தவன்.

வெர்னா கையுறையை வாங்கினாள். சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று இந்திஸார் காத்திருந்தாள். வரவில்லை. முகம் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது.

"ரஸ்ஸல், பெட்டியை மேல கொண்டுபோய் வை."

"அம்மா..."

"கொண்டுபோய் வை. அடுப்புத் திருகையும் மாட்டு."

அவன் போகும்வரை காத்திருந்தாள். இந்திஸார் மன்னிப்பு என்று தொடங்கினாள். வெர்னா கையைத் தூக்கித் தடுத்தாள்.

"ரூபிக்காக உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. கதவை யாரும் மறக்கலாம். ஆலன் ஒரு தடவை டிராக்டரை நியூட்ரல்ல விட்டுட்டு, அது குளத்துக்குள்ள போய் நின்னது. அது மட்டும்னா சாயங்காலத்துக்குள்ள மறந்திருப்பேன்." குரல் நடுங்கவில்லை. "ஆனா நான் உன்கிட்ட கேட்டேன் இந்திஸார். உன் அடுப்படியில நின்னு கேட்டேன். எனக்குப் புத்தி போயிடுச்சோனு பயந்துதான் கேட்டேன். நீ என் மூஞ்சியப் பார்த்துப் பார்க்கலைனு சொன்னே."

கண்ணு என்று கூப்பிடவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் நான் என்னையே சோதிச்சுக்கிட்டேன். பேரப்பிள்ளைங்க பேரைச் சொல்லிப் பார்த்தேன். மளிகைக் கடையில நின்னு எதுக்கு வந்தேன்னு யோசிச்சேன். நீ தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனே. நான் அழுதப்ப பக்கத்துல உக்கார்ந்திருந்தே." கையுறையை ஃபவாஸின் கையில் திணித்தாள். "வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும்."

*

இருவரும் திரும்பி நடந்தார்கள். ரூபி நின்று நின்று குழியாகிப்போன இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஏன் எங்கிட்டகூடச் சொல்லல?" என்று இந்திஸார் கேட்டாள்.

"நீயா சொல்ற வரைக்கும் அப்படி ஒண்ணு நடக்கலைனு வச்சுக்கலாம்னு இருந்தேன்." கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான். "சொன்னதுக்கப்புறம், எனக்கு முன்னாலயே தெரியும்னு சொல்ல வெட்கமா இருந்தது."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. மூன்று நாள் ஒரே படுக்கையில், இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள். யார் யாரைக் குற்றம் சொல்வது?

வெர்னா வீட்டை விட்டுப் போகவில்லை. நினைத்தது நடந்துவிட்டது. அந்த நிம்மதிக்காக நெஞ்சைத் துழாவிப் பார்த்தாள். அங்கே வெர்னா மளிகைக் கடையில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிற காட்சிதான் இருந்தது.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தார்கள். வெர்னா பாட்டி வீட்டில் குக்கீ சாப்பிடப் போகலாமா என்று லுஜைன் கேட்டபோது இந்திஸார் இன்றைக்கு வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றாள். மகள் அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, சாரி கேட்டீர்களா என்று கேட்டாள். கேட்டேன் என்றாள் இந்திஸார். அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு அவள் குட்டிகளைப் பார்க்க ஓடிவிட்டாள்.

சாயங்காலம் ரஸ்ஸலின் கார் கிளம்பிப் போவது தெரிந்தது. முன் இருக்கையில் வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. வெர்னா தட்டி இவர்கள் கேட்டதில்லை. எப்போதும் பேர் சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவள். ஃபவாஸ் திறந்தான். பழைய வேலைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகப் படிக்குக் கீழேயே நின்றாள். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை என்று தலையசைத்தாள்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கு."

இந்திஸாரும் வாசலுக்கு வந்தாள்.

"வெர்னாவுக்கு மறதி வந்துடுச்சு, குதிரையைக் கொன்னுட்டானு ஊர் முழுக்கப் பேசியாச்சு. கறிக்கடையில எங்கிட்ட குழந்தைகிட்ட பேசுற மாதிரி பேசுறாங்க. அதை என்னால மறுத்துச் சொல்ல முடியாது. நான் சொன்னா, பாவம் கிழவினுவாங்க. நீங்கதான் சொல்லணும். எங்கிட்ட சொன்ன மாதிரியே, எல்லார் முன்னாடியும்."

"சொல்றோம் காலா" என்றாள் இந்திஸார்.

ஃபவாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "என் தம்பி..."

"உன் தம்பி பேரும் நாளைக்குத்தான் வருது. தெரியும்." வெர்னா மேட்டுப் பக்கம் பார்த்தாள், அங்கே சாலையில் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு போனது. "நீங்க சொன்னதுக்கப்புறம் அவங்க என்ன சொல்வாங்கனு எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போடுவேனானும் எனக்குத் தெரியாது ஃபவாஸ். தெரிஞ்சா இப்பவே சொல்லியிருப்பேன். நான் ஒளிச்சு வைக்கிறவ இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சேற்றில் அவள் பூட்ஸ் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

ஃபவாஸ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். நாளைக்கு ஊர் முன்னால் நின்று இதைச் சொன்னால் தம்பியின் வழியைத் தானே அடைத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் இனி இந்த ஊரில் எந்த முகத்தோடு இருப்பது? இந்திஸார் அவன் தோளில் கை வைத்தாள். அவன் அதைத் தட்டிவிடவில்லை.

மேஜை மேல் போன் ஒலித்தது. இர்பித்திலிருந்து முஹன்னத். அங்கே இப்போது நள்ளிரவு, தூங்காமல் இருக்கிறான். நாளைக்குக் கூட்டம் என்பது அவனுக்குத் தெரியும். இன்றைக்கும் பனியைப் பற்றித்தான் கேட்பான்.

ஃபவாஸ் திரையைப் பார்த்தான். கை நீட்டினான், பாதியில் நிறுத்தினான். எடுக்காமல் விட்டுவிடலாமா என்று கண்ணால் மனைவியைக் கேட்டான்.

இந்திஸார் போனை எடுத்தாள். திரையில் கொழுந்தனின் ஒடுங்கிய முகம், அவன் தோளுக்குப் பின்னால் ஈரம் படிந்த சுவர். அண்ணி, அங்கே பனி கரைஞ்சுடுச்சா என்றான் அவன்.

"கரைஞ்சுடுச்சு முஹன்னத்" என்றாள். "ஸல்மாவையும் கூப்பிடு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருங்க. நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அதை நாளைக்கு ஊர்ல சொல்றதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்."